கோமதி டீச்சர் புல்

என் செல்லக் கோமதிக்கு,

உன் முதல் நினைவு நாளுக்கு என்ன செய்யலாம் என்று உன் அண்ணன் கேட்டார். அன்னதானமெல்லாம் உனக்கு ஒத்துவராது, அடி அண்ணாமலை ஏரிக்கரையில் கோரை நடுவோம் என்று நான்தான் சொன்னேன். பெரிய மேதாவி!

செங்கம் ரோட்டு நர்சரியில் குடை விரித்தாற்போல் ஒரு செடி நின்றது. தண்டை விரலில் உருட்டினேன். மூன்று பட்டை தட்டுப்பட்டது. "புல்லு தண்டு உருண்டையா இருக்கும் அண்ணி, கோரை முப்பட்டையா இருக்கும்"னு ஏரி ஏரியாக என்னை இழுத்துப்போய்க் காட்டினாயே. கோரையேதான் என்று ஒரு வண்டி நிறைய வாங்கி வந்து சேற்றில் நட்டேன். பக்கத்தில் உன் பெயர்ப் பலகையும் வைத்தேன். ஒரே வருஷத்தில் கரை நெடுகப் பரவிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வாரம், உன்னோடு பள்ளியில் தாவரவியல் நடத்திய ரேவதியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"கோரைதாங்க. ஆனா நம்ம ஏரிக் கோரை இல்லீங்க. அழகுக்குனு வெளிநாட்லேர்ந்து கொண்டாந்தது. தண்ணி கண்டா நிக்காம பரவி மத்ததையெல்லாம் அமுக்கிடும்."

அப்போதுதான் நீ சொன்னதில் மறுபாதி நினைவுக்கு வந்தது. "கோரைனு தெரிஞ்சா மட்டும் போதாது அண்ணி. எது எங்க முளைக்குதுனு பாருங்க. வரப்போரம் ஒண்ணு, சேத்துல ஒண்ணு, முழங்கால் தண்ணில ஒண்ணு." நான் அன்று போளி தின்றுகொண்டே, "உனக்கு வேற வேலையே இல்லையாடி?" என்று சிரித்தேன். தவிட்டு நிறப் பூவோடு சேற்றில் ஒரு குட்டைக் கோரை காட்டினாயே, அது இப்போது அங்கே இல்லை. என் குடைகள்தான் நிற்கின்றன. வெட்கமாயிருக்கிறது கோமதி. உன் படத்தின் முன்னால் விளக்கேற்றக்கூடக் கூசுகிறது.

இன்னும் கேள். நேற்று கிரிவலப் பாதையில் பூ விற்கும் அம்மா என்னை நிறுத்தி, "கோமதி டீச்சர் புல்லு ஜோரா வளருதுங்க, எங்க வூட்டுக்கும் ரெண்டு கொத்து குடுங்க" என்றார். ஊரே அப்படித்தான் சொல்கிறதாம். நான் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். ஒவ்வொரு கோரையையும் அதனதன் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் நீ. உன் பெயரைப் போய் எதற்குக் கொடுத்துவிட்டேன்! நீ இருந்தால் திட்டுவாயா, சிரிப்பாயா?

நாளைக் காலை மண்வெட்டியோடு போகிறேன். முதலில் பலகையை எடுப்பேன். பிறகு அத்தனையையும் வேரோடு பிடுங்குவேன், எத்தனை நாள் ஆனாலும் சரி. அங்கே வேறு எதையும் நட மாட்டேன். உன் குட்டைக் கோரை தானாகத் தலைகாட்டினால் பலகை திரும்ப வரும். அதுவரை யார் கேட்டாலும், "அது சரஸ்வதி புல்லுங்க" என்று சொல்வேன்.

பாதிப் பாடம் மட்டும் கேட்ட உன் அண்ணி,
சரஸ்வதி