இருபத்தாறு சாம்பல் கிண்ணங்கள்

ஜூலை 29, செவ்வாய். காலை 6.40. மொத்தம் 96.

சூளையைத் திறந்தாயிற்று. வெளியே புழுக்கம், உள்ளே கேட்கவே வேண்டாம். கோயிலுக்கான (எங்கள் சர்ச்) திருவிருந்துக் கிண்ணங்கள், திராட்சை ரசத்துக்கு. கட்டைவிரல் உயரம், ஒரு மடக்குதான் கொள்ளும்.

வெள்ளை 66. சாம்பல் பூத்தது 28. விரிசல் 2.

காரணம்: கீழ்த்தட்டில் காற்று போதவில்லை, புகை ஏறிவிட்டது. காற்றுக் கதவைச் சரிபார்க்காமல் நேற்று பஸ்ஸுக்கு ஓடியது நான்தான்.

28-ஐயும் புதிதாக அச்சில் ஊற்றிச் சுட நான்கு நாள். ஞாயிறு திருவிருந்து. இன்றே தொடங்கினால் முடியும். தொடங்கவில்லை. அலுப்பு.

முதலாளி எட்டிப் பார்த்தார். "சாமி குடிக்கிற டம்ளரா? எங்க கோயிலுக்கும் செஞ்சு குடுப்பா, தீர்த்தத்துக்கு." நல்ல மனிதர். கோயில் வேலை என்றதும் சூளையில் காசு வாங்காமல் இடம் விட்டவர்.

ஜூலை 31, வியாழன். மாலை தூறல், நனையக்கூடக் காணாது.

கொரோனாவிலிருந்து எங்கள் சபையில் அப்பம் மட்டும்தான். திராட்சை ரசம் இல்லை. பெரிய வெள்ளிப் பாத்திரம் பீரோவில். முன்பெல்லாம் அந்த ஒன்றில்தான் எல்லோரும் குடிப்போம். போதகர் ஐயர் விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்த வாய்க்குக் கொடுப்பார்.

மறுபடி தொடங்கலாமா என்று மே மாதம் சபைக் கமிட்டி கூடியது. நான்தான் எழுந்தேன். "ஒரே பாத்திரத்துல 91 வாய். துணியால தொடச்சா கிருமி போவாது. சிலருக்கு நாள்பட்ட இருமல் வேற இருக்குது." எல்லோரும் திரும்பி எஸ்தர் அத்தையைப் பார்த்தார்கள். அப்பாவின் தங்கை. அவளுக்கு ஆஸ்துமா. பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கர்த்தரு ஒரே பாத்திரத்த தானே குடுத்தாரு?"

செயலர்: "தம்பி டிப்ளமோ படிச்சவரு. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கைதட்டல். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆளுக்கொரு கிண்ணம், அடியில் எண், அவரவர் எண்ணில் அவரவர் குடிப்பது என்பதும் என் யோசனைதான்.

இன்று எண் எழுதும் வேலை. சபைப் பதிவேடு தெருவாரியாக இருக்கிறது. கோயில் தெரு, ஸ்டேஷன் ரோடு, நகர், கடைசியில் காலனி. காலனி 26 பேர். மற்றவர்கள் 65. வெள்ளை 66, சாம்பல் 28. பொருந்திவிட்டது. 1 முதல் 65 வரை வெள்ளை. 66 முதல் 91 வரை சாம்பல்.

செயலர் வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது மங்கலா இருக்குதே?"

"கடைசி நம்பருங்க சார்."

"அப்போ பரவால்ல. அவங்க ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

அவருக்கு முன்பே அப்படி நினைத்தவன் நான்.

வாங்க: சோப்பு, பிளேடு, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. வெயில்.

பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து ஒப்பித்தோம். வழக்கமான வேகம். நினைவாலும் சொல்லாலும் செயலாலும். நான் அப்போது தட்டில் எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா 41. நான் 42. வெள்ளை.

நாங்களும் காலனிதான். நான் ஆறாவது படிக்கும்போது, அப்பாவுக்கு வேலை நிரந்தரமானதும், நகருக்கு வந்தோம். பதிவேட்டில் காலனிப் பக்கத்தில் எங்கள் பெயர்மேல் ஒரு கோடு இன்னும் இருக்கிறது. வியாழக்கிழமை பார்த்தேன். அந்தக் கோடு இல்லாவிட்டால் எனக்கும் சாம்பல்தான்.

66 அத்தை. காலனி வரிசைக்கு முதல் ஆள். மண்டியிடும் இடம்வரை வந்தாள். தட்டைப் பார்த்தாள். குடித்துவிட்டு வைத்த வெள்ளைக் கிண்ணங்களைப் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தாள். பின்னால் இருந்த 25 பேரும் எழவில்லை.

கீபோர்டு பையன் அதே சரணத்தை மூன்றாவது தடவை வாசித்தான். ஐயர் காத்திருந்தார். பிறகு தட்டைத் துணியால் மூடினார்.

காய்ச்சலோடுகூட வந்து திருவிருந்து எடுத்தவள் அத்தை.

அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து, "கறி எடுத்தாந்தியா?" என்றாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய். வேலையில் அரை நாள்.

காலனிக்குப் போனேன். அத்தை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு தேவா, பெயின்டர், என் வயது, சின்ன வயதில் ஒன்றாகக் கபடி ஆடியவன். என்னைப் பார்த்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரி:

"டேய் இன்ஜினியரு! குடிச்சிட்டு நாங்களே கழுவி கவுத்து வெக்கணுமா? இல்ல கோயிலுக்கு வெளியில ஆணி அடிச்சி மாட்டி வுடுவீங்களா?"

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது. அப்பா இளைஞனாக இருந்தபோது டீக்கடையில் அவர் தெருக்காரர்களுக்குத் தனி கிளாஸ். வெளியே இருக்கும். குடித்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். அப்பா உயிரோடு இருந்தவரை சொல்வார்: "கோயில்ல மட்டுந்தான்டா ஒரே பாத்திரம்." இது எனக்குத் தெரியாத கதை இல்லை. தெரிந்தே அடுக்கினேன்.

அத்தை அவன்மேல் பாய்ந்தாள். "போடா அந்தாண்ட! எங்க அண்ணன் புள்ள அப்படி பண்றவன் கெடையாது." பிறகு என்னிடம், "எப்படிடா ஆச்சு, ஜோயலு?"

"சூளையில கலந்துபோச்சு அத்த. நம்பரு தானா அப்படி விழுந்துடுச்சு."

யோசிக்காமல் வந்த பொய். வழுக்கிக்கொண்டு வந்தது.

"பாத்தியா? நெருப்பு பண்ண வேல!" என்று தேவாவுக்குக் கேட்கக் கத்தினாள். என்னைப் பார்த்து, "நான் சொல்லிக்கிறேன் எல்லாருக்கும். அடுத்த மாசம் வர்றோம். நீ மனசுல வெச்சிக்காத." இருமினாள். தன் டம்ளரிலிருந்த மீதி டீயை என் கையில் கொடுத்தாள். "குடி, வெயில்ல வந்திருக்குற."

குடித்தேன். பாதி குடித்த பிறகுதான் கமிட்டியில் பேசியது நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்.

எழுத ஒன்றும் இல்லை. காற்றுக் கதவைத் தினம் இரண்டு தடவை பார்க்கிறேன். இப்போது பார்த்து என்ன?

கடைவீதியில் அத்தையைப் பார்த்தேன். கூட வந்த பெண்ணிடம், "இவன்தான். சூளையில கலந்துபோச்சாம், பாவம், அதுலேர்ந்து புள்ள சரியா சாப்புடுறதில்லியாம்." அம்மா சொல்லியிருக்க வேண்டும். காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி. மாலை 5.15. நல்ல மழை.

ஐயரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வேண்டுமென்றே செய்தது என்று.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவேடே அந்த வரிசையிலதானே தம்பி இருக்குது? நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பதிவேட்ட பாத்து கிண்ணத்த அடுக்கல ஐயா. கிண்ணத்த பாத்துட்டுதான் பதிவேட்ட எடுத்தேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு: "சரி. ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்க, எங்கிட்ட சொல்லிட்டீங்க. புதுசா 26 செஞ்சுடுங்க. சபையில எழுந்து இதெல்லாம் பேசற வழக்கம் நமக்கு இல்ல. அவங்களும் வர்றோம்னு சொல்லிட்டாங்களாம். ஆறுன புண்ண ஏன் கிளறணும்?"

வர்றோம் என்று சொன்னது என் பொய்யை நம்பி. அதைச் சொன்னேன். "ஜெபம் பண்ணுங்க தம்பி" என்று எழுந்துவிட்டார். மன்னிப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது பிடிக்கவில்லை. அவர் மன்னிக்க வேண்டிய விஷயமும் இல்லை இது.

நாளை:

1. ஆராதனைக்கு முன், ஏழு மணிக்கே, காலனி.
2. அத்தையிடம் உள்ளே கூப்பிட்டுச் சொல்வதில்லை. வாசலில். தேவா இருந்தால் நல்லது.
3. சூளை, புகை, காற்று என்று ஒரு வார்த்தை வரக்கூடாது.
4. அறிவிப்பு நேரத்தில் சபையில் எழுவது. ஐயர் உட்காரச் சொன்னாலும் முடித்துவிட்டு உட்காருவது.
5. அடுத்த திருவிருந்துக்கு வெள்ளிப் பாத்திரத்தை வெளியே எடுக்கக் கேட்பது. எடுத்தால் அத்தைக்கு அடுத்து நான்.
6. அத்தை திட்டினால் நிற்பது. திட்டாமல் டீ கொடுத்தாலும் நிற்பது.