எழுத்து காயும்முன்

அலுவிகாரை, மாத்தளை
14.03.2004

சேசு மரி சூசை துணை

அன்பின் தங்கச்சி மார்ஜரிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். அம்மா சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பொய் எழுதினால் நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

போன மாதம் மாத்தளை டவுனில், திருகோணமலை வீதியில் ஜமால்தீன் நானாவின் புடைவைக் கடைக்குப் போர்ட் எழுதினேன். சிங்களம் ஒழுங்காக வந்தது. தமிழுக்கு வந்ததும் தூரிகை தன்பாட்டுக்குத் துள்ளத் தொடங்கியது. துடைத்துத் துடைத்து எழுதினேன். நானா கீழே நின்று பார்த்துவிட்டு, "ஒஸ்வல்ட், ஏணி ஆடுதா, நீங்க ஆடுறீங்களா?" என்றார். ஏணி ஆடவில்லை.

அவரே என்னைக் கண்டியில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் அப்பாவைப் பற்றிக் கேட்டார். தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில் வேலை செய்த மனிதர் கை கால் உதறி, தள்ளாடி, கடைசியில் சோறு விழுங்க முடியாமல் செத்ததைச் சொன்னேன். குடியால் வந்தது என்றுதான் தோட்டம் முழுக்கப் பேச்சு என்றேன். "குடி இல்லை. அது பரம்பரை வருத்தம், ஹன்டிங்டன் என்று பெயர். உங்களுக்கும் அதுதான்" என்றார். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வருமாம். நாம் இரண்டு பேர், அந்தப் பாதி நான். நீ தப்பினாய் என்று எனக்கு ஒரு நிம்மதி.

மருந்து கிடையாதாம். நீ அங்கே இவ்வளவு படித்து என்னவோ ஆராய்ச்சி செய்கிறாயே, உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்? வருசத்துக்கு ஒரு கடிதம் போடுகிற தங்கச்சியிடம் கேட்கும்படி ஆகிவிட்டது.

பாசமுள்ள அண்ணன்
ஒஸ்வல்ட்


ஜெர்மனி
11.04.2004, உயிர்த்த ஞாயிறு

அன்புள்ள அண்ணே,

உங்கள் கடிதத்தை ஆய்வுகூடத்தில் வைத்துத்தான் வாசித்தேன். பிறகு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. தோட்டத்து லயத்துப் பையன்கள் அப்பாவை "ஆட்டக்காரன்" என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் போவது ஞாபகம் வந்து அழுதேன்.

ஒரு வழி இருக்கிறது. உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். மரபணு என்பது ஒரு ஸ்டென்சில் தகடு. உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் அது இருப்பதால் அதை உடைக்க முடியாது. ஆனால் அது பதிக்கிற எழுத்தைக் காயும்முன் துடைத்துவிடலாம். அந்த எழுத்துத்தான் ஆர்.என்.ஏ. அதற்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு சின்னத் துண்டை நாங்கள் செய்து உள்ளே அனுப்புகிறோம். அது போய் ஒட்டியதும் உயிரணுவே அந்த எழுத்தை வெட்டிப் போட்டுவிடும். மரபணுவை வாயடைப்பது என்று நான் சொல்வேன்.

இந்த வழியில் ஈரலைத் தின்னும் ஒரு வைரஸை எலிகளில் அடக்கியிருக்கிறோம். மேல்மாடியில் ஒரு பேராசிரியர் உங்கள் வருத்தத்தின் மரபணுவையே அடைக்கப் பார்க்கிறார். அவரிடம் போய் வேலை கேட்டேன், கொடுத்துவிட்டார். ஐந்து வருடம் தாக்குப்பிடியுங்கள் அண்ணே.

நான் தப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கை அப்புறம் பார்ப்போம். அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் தங்கச்சி
மார்ஜரி


அலுவிகாரை
02.02.2005

சேசு மரி சூசை துணை

அன்பின் தங்கச்சிக்கு,

வாயடைக்கிற மருந்து நல்ல மருந்துதான். சின்ன வயதில் கிடைத்திருந்தால் முதல் ஊசி உனக்குத்தான் போட்டிருப்பேன். கடல் கொண்டுபோன சனங்களுக்காகக் கோயிலில் இன்னும் பூசை வைக்கிறார்கள். உன் வேலைக்கும் சேர்த்து அம்மா மெழுகுதிரி ஏற்றுகிறார்.

அப்பாவுக்கு வந்தது குடியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். பிறகு, "அந்த மனுசன் குடிக்கலேன்னு சத்தியம் பண்ணாருடா. நான் நம்பல. கல்லறைக்குப் போயும் திட்டிட்டு வந்திருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. அத்தை மகனைக் கட்டியதற்குத்தான் கடவுள் தண்டித்தாரோ என்று கேட்கிறார். அவர்கள் சொந்தத்தில் கட்டப் பிஷப்பிடம் எழுதி அனுமதி வாங்க வேண்டியிருந்ததாம். பிஷப்பே கையெழுத்துப் போட்ட பிறகு கடவுள் என்ன பேசுவார் என்றேன். சிரித்தார், ஆனால் மனம் ஆறவில்லை.

எலிகள் எப்படி? என்னை விட நன்றாக நடக்கின்றனவா?

அண்ணன்
ஒஸ்வல்ட்


ஜெர்மனி
20.11.2005

அன்புள்ள அண்ணே,

எலிகள் நடக்கின்றன. உங்கள் வருத்தம் உள்ள எலியைச் சுழலும் தடி ஒன்றில் விட்டால் விழுந்துவிடும். நாங்கள் துண்டைக் கொடுத்த எலிகள் விழாமல் நிற்கின்றன. நான் ஒரு மூலையில் போய் நின்று உங்கள் பெயரைச் சொன்னேன்.

இனி ஒரு சிக்கல்தான் பாக்கி. இந்த மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு இருக்கும். ஒன்று அப்பா தந்தது, மற்றது அம்மா தந்தது. அப்பா தந்ததை மட்டும் வாயடைக்க வேண்டும். அம்மா தந்தது மூளைக்குத் தேவை, அதைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்து மாறியிருந்தால் போதும், எங்கள் துண்டு அதை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். உங்களிடம் அப்படி மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதோடு ஒரு தடித்த அட்டை வைத்திருக்கிறேன். வட்டத்துக்குள் இரத்தம் விட்டு, காயவைத்து அனுப்புங்கள்.

ஓர் எழுத்துத்தான் அண்ணே.

மார்ஜரி


அலுவிகாரை
15.01.2006

சேசு மரி சூசை துணை

அன்பின் தங்கச்சிக்கு,

இரத்தம் அனுப்புகிறேன். ஜமால்தீன் நானாவின் மகள் ஹமீமா கண்டியில் நேர்ஸ் படிக்கிறாள், அவள்தான் விரலைக் குத்தினாள். என் கை துள்ளியதில் வட்டத்துக்கு வெளியேயும் இரத்தம் போயிருக்கிறது. வேலைக்கு ஆகாதென்றால் சொல், உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

தபால் கந்தோருக்கு வரும் வழியில் ஆமிக்காரர்கள் நிற்பாட்டி ஐடென்டி கேட்டார்கள். எடுக்க முடியவில்லை, கை அங்குமிங்கும் போனது. ஒருவன் துவக்கைத் தூக்கிவிட்டான். மற்றவன், "விடு, சரியான வெறி" என்று சிங்களத்தில் சொன்னான். குடிவெறி என்று நினைத்ததால் பிழைத்தேன். அப்பாவுக்குக் கிடைத்த பெயர் எனக்கும் கிடைத்துவிட்டது.

ஏணியில் ஏறுவதை விட்டுவிட்டேன். எலி நடந்த கடிதம் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

ஒஸ்வல்ட்


ஜெர்மனி
03.09.2006

அன்புள்ள அண்ணே,

எழுத வேண்டியதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். வேலை கூட என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உங்கள் இரத்தத்தை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே பார்த்தேன். எந்தெந்த எழுத்து மாறியிருக்கலாமோ அத்தனையும் தேடினேன். பலருக்கு ஓர் இடத்திலாவது மாறியிருக்கும். உங்களுக்கு இரண்டிலும் எல்லாமே ஒன்று. அம்மாவும் அப்பாவும் சொந்தத்தில் கட்டியதால் இருக்கலாம், சொந்தம் இல்லாதவர்களுக்கும் இப்படி அமைவதுண்டு. அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள், பிஷப் கதையை மறுபடி எடுத்துவிடுவார்.

உங்களுக்குள் இருக்கிற அப்பாவையும் அம்மாவையும் பிரித்துப் பார்க்க எங்கள் துண்டுக்குத் தெரியவில்லை. அப்பாவை அடைத்தால் அம்மாவும் அடைபட்டுப்போவார். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் அடைத்துப் பார்க்கலாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வேறோர் ஆய்வுகூடத்தில் வேறொரு மரபணுவுக்கு அளவு மீறிக் கொடுத்ததில் எலிகளே செத்துவிட்டன. மூளைக்கு அனுப்புவதென்றால் மண்டையில் துளை போட வேண்டும். மனிதருக்கு வர இன்னும் பத்துப் பதினைந்து வருடம் போகும். அவ்வளவு காலம் உங்களிடம் இல்லை. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இதை ரயிலில் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் கோபிக்காதீர்கள்.

மார்ஜரி


அலுவிகாரை
10.12.2006

அன்பின் தங்கச்சிக்கு,

எதிர்பார்த்ததுதான் என்று எழுதினால் அது வெறும் வீறாப்பு. நான் எதிர்பார்க்கவில்லை. எலிக் கடிதம் இன்னும் தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது, எடுத்துப் போட மனமில்லை.

வேறொன்று கேட்க வேண்டும். நான் எழுத்து எழுதிப் பிழைத்தவன். ஓடுகிற ரயிலில் எழுதினால் வரி முழுக்கச் சேர்ந்து ஆடும். உன் கடிதத்தில் வரி நேராகத்தான் போகிறது. ழகரத்தின் வால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. நேற்று நானாவின் கடைக்குப் போய் நான் அன்று துடைத்துத் துடைத்து எழுதிய போர்டைப் பார்த்துவிட்டு வந்தேன். அதிலும் அப்படித்தான்.

பாதி நான், நீ தப்பினாய் என்று எழுதியிருந்தேனே, அதை ஹமீமாவிடம் கேட்டேன். அப்படி இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாதி என்கிறாள். இவ்வளவு படித்தவள் நீ ஏன் என்னைத் திருத்தவில்லை?

அண்ணன்
ஒஸ்வல்ட்


ஜெர்மனி
22.02.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்த்தீர்களா, கணினியில் தமிழ் எழுத்துப் போட்டுக்கொண்டேன். இனி என் கோணல் எழுத்தோடு நீங்கள் மாரடிக்க வேண்டியதில்லை.

இங்கே நல்ல பனி. எலி வேலையை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். நான் இப்போது மேசையில் உட்கார்ந்து முடிவுகளைப் பார்க்கிறேன், அதுவும் தேவையான வேலைதான். அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை ஒன்று அனுப்பியிருக்கிறேன். குளிரில் வெளியே போகாதீர்கள். சாப்பாட்டை நன்றாகக் குழைத்துச் சாப்பிடுங்கள்.

அன்புடன்
மார்ஜரி


அலுவிகாரை
18.06.2008

தங்கச்சிக்கு,

இத எழுதுறது ஹமீமா. நான் சொல்றத சொல்றபடியே எழுதச் சொல்லியிருக்கேன். என் பேச்சு இப்ப அவளுக்கும் அம்மாவுக்குந்தான் விளங்குது, அதனால நீ போன் எடுத்தும் பிரயோசனம் இல்ல.

ஒரு வருசமா மெஷின் கடுதாசிதான் வருது. எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பனி பெய்றது, சால்வ அனுப்புனது எல்லாம் எழுதுற. நான் கேட்டதுக்கு மட்டும் ஒண்ணுலயும் பதில் இல்ல. எலி வேலைய நீ ஏன் விட்டன்னு எனக்குத் தெரியாதா? நான் ஏணிய ஏன் விட்டேன்?

பேனாவால ஒரு கடுதாசி எழுது. எவ்வளவு கோணலா இருந்தாலும் பரவால்ல, வாசிக்க நான் இருக்கேன். ஆனா ரொம்ப நாளைக்கு இருக்க மாட்டேன். அதனால சுருக்கா எழுது.

அண்ணன்


ஜெர்மனி
12.04.2009, உயிர்த்த ஞாயிறு

அண்ணே,

இது பேனா. இந்தப் பக்கத்தை எழுத ஒரு பகல் போய்விட்டது.

நீங்கள் நினைத்தது சரி. உங்கள் இரத்தத்தைப் பார்த்த அன்று என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கும் இருக்கிறது. எழுத்தும் உங்களைப் போலவேதான், ஓர் இடத்திலும் மாறவில்லை. நாங்கள் செய்கிற மருந்து என்றைக்காவது வந்தாலும் உங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது.

நான் தப்பினேன் என்று உங்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது. என்னால் உங்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்க மனம் வரவில்லை.

பயமாக இருக்கிறது அண்ணே. அப்பா சோற்றை விழுங்கத் தவித்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஊருக்கு வந்து உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் போல இருக்கிறது. வந்தால் அம்மா நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

வாசிக்க முடிகிறதா?

மார்ஜரி


அலுவிகாரை
25.05.2009

தங்கச்சிக்கு,

இதும் ஹமீமாதான். டவுன் முழுக்க வெடி கொளுத்துறாங்க, சண்ட முடிஞ்சிருச்சாம். நாங்க கதவச் சாத்திட்டு உள்ள இருக்கோம்.

கடுதாசி வந்துச்சு. தங்கச்சி என்ன எழுதியிருக்குன்னு அம்மா கேட்டாங்க. சுகமா இருக்காளாம்னு சொன்னேன். நம்பிட்டாங்க. அதனால நீ வராத. எனக்கு நீ வேணும், ஆனா வராத.

வாசிக்க முடியுதான்னு கேட்டிருந்த. ஹமீமா ரெண்டு வரி பார்த்துட்டு முடியலன்னு வச்சிட்டா. நான் வாசிச்சேன். ஓர் எழுத்தும் விடல.

கீழ இருக்கிற கோடு நான் போட்டது. அத ஒஸ்வல்ட்னு வாசிச்சுக்க.