விளக்கணைத்த வகுப்பு

அன்பு மகளுக்கு,

உன் முகம் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. நான் சொல்ல, மேல்வீட்டு இமெல்டா எழுதுகிறாள்.

இன்று பள்ளியில் உன் மகளின் வகுப்பில், துவக்கோடு யாரும் சுடப் புகுந்தால் எப்படி ஒளிவது என்று பழக்கினார்களாம். விளக்கை அணைத்ததும் பக்கத்துப் பொடியன் அழுதிருக்கிறான். நம் சின்னவள் அவன் வாயை இறுக்கிப் பொத்தியிருக்கிறாள். அவனுக்கு மூச்சு முட்டிவிட்டது, இப்போது சுகம். இவளை அந்த வகுப்பிலேயே வைத்திருப்பதா என்று திங்கட்கிழமை முடிவெடுப்பார்களாம்.

"ஏன் குஞ்சு, அவன்ர வாயைப் பொத்தினனீ?" என்று கேட்டேன்.

"அழுதால் எல்லாரும் செத்துப்போவம், அம்மப்பா. ஆமி மேல போகேக்க, பங்கருக்குள்ள அம்மாவின்ர வாயை நீங்கள் பொத்தினனீங்கள்தானே?"

ராணுவம் தலைக்கு மேலே நடந்த அந்தப் பதுங்குகுழியில் உனக்கு ஒரு வயது. நீலம் பாரித்துப் போனாய். இதை அவளுக்குக் கதையாகச் சொன்ன நான், உனக்குச் சொன்னதேயில்லை.

திங்கட்கிழமை அவளின் வகுப்பு மடாமிடம் இதை நான் சொல்வேன். அதைப் பிரெஞ்சில் நீதான் சொல்ல வேண்டும்.

பக்கத்து அறையில் இருக்கும்
உன் அப்பா