தெருப்பெட்டியில் இல்லாத பேட்டரி

அனுப்புநர்
சைகை மொழிபெயர்ப்பாளர்,
மேல்மாடி வீடு,
மருந்துக்கடை எதிர்ச்சந்து.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
தொலைத்தொடர்புக் குறைதீர் அலுவலகம்.

பொருள்: மின்தடையின்போது எங்கள் சந்தின் இணைய இணைப்பு அறுந்ததால் பிரசவ அறையில் நேர்ந்த கொடுமை – தெருப்பெட்டியில் இருக்க வேண்டிய பேட்டரிகள் இருந்த இடம் – உரிய நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. காது கேளாத நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் இடையே காணொளி வழியாகச் சைகை மொழிபெயர்ப்பது என் தொழில். வீட்டின் முன்னறையில், வெள்ளைச் சுவருக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறேன். என் கைகள்தான் என் பிழைப்பு.

2. எங்கள் பகுதியில் மின்சாரம் அடிக்கடி போகும். போனால் இணையமும் போகும். பேச்சின் நடுவில் நான் மறைந்துபோவது நோயாளியைக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை விடுவது போன்றது. ஆகவே வீட்டு இணைப்புக்கென்று ஒரு பேட்டரி வாங்கத் தீர்மானித்தேன். அதை எவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினேன் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். ஏனெனில், "உங்க வீட்டு பேட்டரிலதான் கோளாறு" என்றே, பின்னர் நான் தொலைபேசியில் புகார் செய்தபோது இணைய நிறுவனத்தார் முதலில் சாதித்தனர்.

3. கடைக்காரர் முதலில் பெரிய இன்வெர்ட்டரைக் காட்டி, "இத வாங்குங்கம்மா, கரண்ட் போனாலும் வீடே எரியும்" என்றார். உடன் வந்த என் கணவர், "வீடு எரிய வேணாம்ண்ணே, வைஃபை எரிஞ்சா போதும்" என்றார். அவர் பேருந்து நடத்துநர், யாருக்கும் சில்லறையோடு ஒரு பேச்சும் கொடுக்காமல் விடமாட்டார். ஆனால் நான் இன்வெர்ட்டரை மறுத்த காரணம் வேறு. மின்சாரம் மாறும் கண்ணிமைப் பொழுதில் ரவுட்டர் அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கக்கூடும் என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். அது தொடங்கி முடிக்கும்வரை நோயாளி வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைபேசிக்கான பவர் பேங்க் போதுமா என்று கேட்டேன். என் ரவுட்டருக்கு வேண்டிய வோல்ட் அதிலிருந்து வராது என்றார். முடிவில் ரவுட்டருக்கென்றே செய்த சிறிய பேட்டரி ஒன்றை வாங்கி வந்தோம்.

4. அதிலும் ஒரு முறை ஏமாந்தேன். அடுத்த மின்தடையில் ரவுட்டரில் விளக்குகள் அழகாக எரிந்தன. இணையம் மட்டும் வரவில்லை. வெளியிலிருந்து வரும் கம்பி முதலில் சுவரோரம் உள்ள ஒரு சின்னப் பெட்டியில் சேருகிறது, அதற்கும் தனியே மின்சாரம் வேண்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பேட்டரியைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு கருவிகளுக்கும் இரண்டு தனித்தனி வாய்கள் உள்ள ஒன்றாக மாற்றினேன். இரண்டின் அடியிலும் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து, வோல்ட் அளவைச் சரிபார்த்து வாங்கினேன். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பணிமனையில் இருந்த கணவரைக் காணொளியில் அழைத்தேன். ஒரு சிறு தடங்கலும் இல்லை. மின்விசிறி நின்ற வீட்டில் வியர்வையோடு உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தபோது, இனி எனக்குக் கவலையில்லை என்று நினைத்தேன்.

5. சென்ற வாரம், பிற்பகல். பிரசவ அறையிலிருந்து அழைப்பு வந்தது. தலைப்பிரசவம். அந்தப் பெண் பிறவியிலேயே காது கேளாதவர். துணி இஸ்திரி போடும் கடை நடத்துபவர். மாதந்தோறும் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் நான்தான் மொழிபெயர்த்திருக்கிறேன். திரையில் என்னைப் பார்த்ததும் வலியிலும் சிரித்தார். சற்று நேரத்தில் மருத்துவர் என்னிடம், "குழந்தையோட இதயத் துடிப்பு மெதுவாகுது. உடனே ஆபரேஷன் பண்ணினா குழந்தைய நல்லபடியா எடுத்துடலாம். பயப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

6. சொல்லத் தொடங்கினேன். "குழந்தை" என்று காட்டினேன். "இதயம்" என்று காட்டினேன். "மெதுவாகிறது" என்பதற்காக விரித்த உள்ளங்கையைக் கீழே இறக்கினேன். வெளியே டிரான்ஸ்பார்மர் வெடிக்கும் ஓசை கேட்டது. அதே கணம் திரையில் அவர் முகம் அசைவற்று நின்றது. என் ரவுட்டரில் எல்லா விளக்குகளும் எரிந்தன. சுவர்ப்பெட்டியிலும் எரிந்தன. இணைப்பு மட்டும் இல்லை. நம்ப முடியாமல் இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

7. மருத்துவமனை ஊரின் மறுகோடியில் இருப்பதால் அங்கே மின்சாரம் போகவில்லை. எனவே அவர்கள் திரையில் நான் அப்படியே உறைந்து நின்றிருக்கிறேன்: தலை குனிந்து, உள்ளங்கை கீழே இறங்கிய நிலையில். குழந்தை, இதயம், இறங்கிய கை. அந்தத் தாய் அதை எப்படிப் படித்தார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

8. கைபேசி இணையத்தில் முயன்றேன். மின்சாரம் போன எல்லா வீட்டாரும் அதையே பிடித்துக்கொண்டதாலோ என்னவோ, படம் வரவில்லை. குரல் அழைப்பு மட்டும் கிடைத்தது. எடுத்த செவிலியர், "அக்கா, நீங்க பேசறது எனக்குக் கேக்குது. அவங்களுக்கு என்னக்கா பிரயோஜனம்? கண்ண இறுக்கி மூடிட்டாங்க, திறக்கவே மாட்டேங்கிறாங்க!" என்று அழாத குறையாகச் சொன்னார். தாளில் எழுதிக் காட்டியும் பயனில்லை. கண்ணை மூடிக்கொண்ட காது கேளாதவரிடம் உலகத்தில் எந்த மொழியிலும் எதையும் சொல்ல முடியாது, ஐயா.

9. ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு ஓடினேன். அங்கே நிறுவனத்தின் லைன்மேன் எங்கள் சந்துக்கு இணைப்பைப் பிரித்தனுப்பும் தெருப்பெட்டியைத் திறந்துவைத்து நின்றுகொண்டிருந்தார். மின்சாரம் போனால் அந்தப் பெட்டியைத் தாங்க உள்ளே பேட்டரிகள் இருக்க வேண்டும். அவற்றுக்கான தட்டில் ஒரு கிழிந்த குடையும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. பெட்டிக் கதவின் உட்புறத்தில் "பேட்டரி பரிசோதிக்கப்பட்டது" என்ற ஒட்டுத்தாள் புத்தம் புதிதாகப் பளபளத்தது.

"பேட்டரி எங்கேங்க?" என்றேன்.

"ஆபீஸ்ல இருக்கும்மா. திருடு போயிடும்னு கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"இந்தப் பெட்டியில மட்டுமா?"

"இந்த வட்டாரம் பூராவும்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டோவில் ஏறினேன்.

10. நான் போய்ச் சேரும்போது அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. உள்ளே நடந்ததைச் செவிலியர் சொன்னார். அந்தப் பெண்ணின் கணவர் காது கேட்பவர். பட்டறையிலிருந்து வந்துகொண்டிருந்த அவர் கைபேசியில் சம்மதம் தெரிவித்திருக்கிறார். காத்திருக்க நேரமில்லை. தாயோ, இறந்த குழந்தையைத் தன்னிடமிருந்து பறிக்க வருகிறார்கள் என்றெண்ணிப் போராடியிருக்கிறார். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டுதான் மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். மருத்துவமனையார் மீது எனக்குக் குறையில்லை. இரு உயிர்களைக் காத்தவர்கள் அவர்கள். ஆனால் சைகையில் பேசுபவரின் மணிக்கட்டைப் பிடிப்பது, காது கேட்பவர்களின் வாயைப் பொத்துவதற்குச் சமம். குழந்தை செத்துவிட்டது என்ற நினைப்போடு, வாய் பொத்தப்பட்ட நிலையில் அவர் நினைவிழந்தார்.

11. பிறந்தது பெண் குழந்தை, நலமாக இருக்கிறது. தாய் கண் விழித்ததும் அருகில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அவர் தொடவில்லை. என்னைப் பார்த்து, தளர்ந்த விரல்களால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது யாருடையது?" உங்களுடையது என்றேன். தலையை ஆட்டி மறுத்து, மறுபடியும் அதையே கேட்டார். நான் அவர் உள்ளங்கையை எடுத்துக் குழந்தையின் மார்பில் வைத்தேன். அதன் பிறகு அவர் அழுததை எழுத எனக்குத் தெரியவில்லை.

12. மறுநாள் மாலை, எங்கள் பகுதியிலேயே உள்ள நிறுவனத்தின் கிளை அலுவலகத்துக்குக் கணவருடன் சென்றேன். எங்கள் பகுதிக்கு அப்போதும் மின்சாரம் திரும்பியிருக்கவில்லை. அந்தத் தெருவே இருண்டு கிடந்தது; அலுவலகத்தில் மட்டும் விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் சுழன்றன, சுவர்த் தொலைக்காட்சியில் அவர்களுடைய விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஓசை எதுவும் கேட்கவில்லை. என் கணவர்தான் சுற்றிப் பார்த்துவிட்டு மாடிப்படிக்கு அடியில் கை காட்டினார். தெருப்பெட்டிகளின் பேட்டரிகள் அங்கே வரிசையாக அடுக்கப்பட்டு, ஒன்றோடொன்று கம்பியால் பிணைக்கப்பட்டு, அலுவலகத்தின் இன்வெர்ட்டரோடு இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் தெருவின் பெயர் வெள்ளைப் பெயிண்டில் எழுதப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்றில் "மருந்துக்கடை எதிர்ச்சந்து" என்று இருந்தது. கிளை மேலாளர் சற்றும் கூச்சமின்றி, "சும்மா வெச்சிருந்தா பேட்டரி வீணாப் போயிடும்மா. அதான் யூஸ் பண்றோம்" என்றார். நான் அவற்றைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அப்படத்தை இணைத்துள்ளேன்.

13. வீடு திரும்பும் வழியில் நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. என் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டதாம். சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்று கேட்டிருந்தார்கள்.

14. ஆகவே ஐயா அவர்கள் கருணையோடும் கண்டிப்போடும் தலையிட வேண்டுகிறேன். அந்த மாடிப்படிக்கு அடியில் உள்ளவை அவையவை இருக்க வேண்டிய தெருவுக்குத் திரும்ப வேண்டும். திருட்டுப் பயம் இருந்தால் பூட்டு போடட்டும். ஒட்டுத்தாளை நம்பாமல், தங்கள் அலுவலர் ஒருவர் முன்னிலையில் ஒவ்வொரு தெருப்பெட்டிக்கும் மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கச் செய்ய வேண்டும். என்னைப்போல வீட்டுக்கு பேட்டரி வாங்கி நிம்மதியாக இருப்போரிடம், வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க ஆணையிட வேண்டும். பரிசோதிக்காமல் பரிசோதித்ததாக ஒட்டியவர் யாரென்று விசாரிக்க வேண்டும்.

15. இம்மனுவில் கையொப்பமிடுமுன் இதை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று, முழுவதையும் அந்தத் தாய்க்குச் சைகையில் சொன்னேன். குழந்தையை மடியில் வைத்தபடி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், பேட்டரிகள் மாடிப்படிக்கு அடியில் இருந்தன என்ற இடத்தில் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னார். நான் தவறாக மொழிபெயர்க்கிறேன் என்றே அவர் நினைத்தார், ஐயா. கடைசியில் படத்தைக் காட்டிய பிறகுதான் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
சைகை மொழிபெயர்ப்பாளர்

(கையொப்பம்)
குழந்தையின் தாய்

இடம்: பிரசவ வார்டு, ஜன்னலோரக் கட்டில்
நாள்: இம்மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை

இணைப்பு: மாடிப்படிக்கு அடியில் எடுத்த புகைப்படம் ஒன்று.