இரண்டாம் சரணத்தில் உன் முகம்

என் காந்தாக்காவுக்கு,

"பாட்டு தமிழில் ஓடுகிறது, உன் உதடு தெலுங்கில் போகிறது, இன்னொரு முறை எடுப்போம்" என்று அன்று நான் உன்னிடம் சொல்லவில்லை. "சரியா வந்துடுச்சிக்கா" என்றுதான் சொன்னேன். நகரியிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாயங்கால ரயிலுக்கு அரை மணி நேரமே இருந்தது. நான் அதைப் பிடிக்கவேண்டும் என்று நினைத்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். நம் நாடகக் குழுவில் என்னைத் தவிர எல்லோரும் பவர்லூம் ஓட்டுகிறவர்கள். நான் திருப்பதியில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள். பெங்களூருக்கு வேலைக்குப் போன மகளைத் தாய் கூப்பிடுகிற பாட்டு ஒன்று நம் நாடகத்தில் வரும். தாய் வேஷம் உன்னுடையது. அதை வீடியோவாக எடுத்து யூடியூபில் போடலாம் என்று நான் சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள். நீ மட்டும், "பெங்களூர்ல அது தெரியுமாடி?" என்று கேட்டாய்.

ரேவதிக்காகக் கேட்டாய். உன் ஒரே மகள். கார்மென்ட்ஸ் கம்பெனியில் கூட வேலை செய்த மதனப்பள்ளிப் பையனை, தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவனை, உன்னிடம் சொல்லாமல் கட்டிக்கொண்டாள். "என் வாசப்படி மிதிக்காத" என்று போனிலேயே சொல்லிவிட்டாய். மூன்று வருஷம் அவளும் மிதிக்கவில்லை. நேராகக் கூப்பிட உனக்கு வாய் வரவில்லை. பாட்டு கூப்பிடட்டும் என்று நினைத்தாயோ?

தறிக்கு லீவு விட்ட நாளில் தறிக்கூடத்திலேயே எடுத்தோம். பாட்டை முன்பே உன் குரலில் பதிவு செய்தாயிற்று. அது ஸ்பீக்கரில் ஓடும், நீ வாயசைத்தால் போதும். முதல் சரணம் ஒரே டேக்கில் முடிந்தது. இரண்டாவது தொடங்கியதும் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். கேமராவுக்கு உன் கொண்டைதான் கிடைத்தது.

"அம்மா! கேமரா இக்கட!" என்று கத்தினார் திருப்பதியிலிருந்து வந்த கேமராக்காரர்.

"அக்கா முதுகுக்கும் பவுடர் பூசிக்கினு வந்துகீது, அதயும் எடுய்யா" என்றார் டோலக் வாசிக்கும் மணி அண்ணன்.

"உன் மூஞ்சிக்கு என் முதுகே தேவலாம், போடா" என்றாய்.

வேறு யாருக்கும் இப்படி நடந்திருக்காது. விஜயபுரம் பக்கத்து ஊர்களில் நாம் நாடகம் போட்டால், மேடைக்கு இந்தப் பக்கம் தமிழ்க்காரர்கள், அந்தப் பக்கம் தெலுங்குக்காரர்கள் உட்காருவார்கள். முதல் சரணத்தை இவர்களுக்குத் தமிழில் பாடிவிட்டு, திரும்பி நின்று அடுத்ததை அவர்களுக்குத் தெலுங்கில் பாட வேண்டும். பதிவில் இரண்டு சரணமும் தமிழ்தான் என்பது உன் காலுக்குத் தெரியவில்லை. மூன்று டேக்கிலும் திரும்பினாய். நான்காவதற்கு மணி அண்ணன் உன் முந்தானையைத் தறிச் சட்டத்தில் முடிந்துவிட்டார். நீ திரும்பவில்லை. உதடு மட்டும் தெலுங்குக்குப் போனது. மானிட்டரில் பார்த்தேன். அதுவும் பழக்கம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

"இன்னாடி, இன்னொரு தபா பாடட்டுமா?" என்று கேட்டாய். என் பதிலைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

பிறகு அந்தச் சரணம் முழுக்க ஓடுகிற தறியையும் ரயிலையும் போட்டு உன் முகத்தை மூடினேன். கேமராவில் பதிகிற சத்தத்தை முதல் வேலையாக ஊமையாக்கிவிடுவது எங்கள் தொழில் வழக்கம். ஸ்பீக்கர் சத்தத்தில் நீ வாய்விட்டே பாடியது தெரியவில்லை, நீ என்ன பாடினாய் என்று நான் கேட்கவே இல்லை.

வீடியோவை என் போனில் பார்த்தாயே, நினைவிருக்கிறதா? "இந்த எடத்துல என் மூஞ்சி எங்கடி?"

"தறியக் காட்டுனா பாக்க நல்லா இருக்கும்னு போட்டேங்கா."

"தறிய நா தெனம் பாத்துக்கினுதான கீறேன்" என்றாய். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? நானாவது கேட்டிருக்கக் கூடாதா?

இரண்டு மாதத்தில் மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். உயிரோடு வரவில்லை. ரேவதி வந்தாள், கணவனோடு. காரியத்தன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பாட்ட எத்தினி தபா பாத்தேன் தெரியுமா? அம்மா என்னக் கூப்புடுதுன்னு புரிஞ்சிது. ஆனா என்னத்தான கூப்புடுது? இவர எங்க வுட்டுட்டு வர்றது? அதான் வரல." பிறகு, "ரெண்டாவதுல அம்மா மூஞ்சியே இல்லயே, எதனா எடுத்து வெச்சிகீறியா?" என்றாள்.

லேப்டாப்பில் அந்த நான்காவது டேக்கைப் போட்டேன், முதல்முறையாகச் சத்தத்தோடு. ஸ்பீக்கர் இரைச்சலுக்கு அடியில் உன் குரல் தெலுங்கில் வந்தது. சரணத்தின் கடைசியில், நம் நாடகத்தில் எங்குமே இல்லாத ஒரு அடி. "அல்லுடா, நுவ்வூ ரா." மருமகனே, நீயும் வா.

ரேவதி வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் நின்றிருந்த உன் மருமகன் உள்ளே வந்து, "இன்கோசாரி" என்றான். மறுபடி போட்டேன்.

திருப்பதிக்கு வந்த பிறகும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை அக்கா. யார் கல்யாணமோ, பந்தியில் யாரோ பேசுகிறார்கள், நான் சத்தத்தை ஏற்றி ஏற்றிக் கேட்கிறேன். வேலை தேங்குகிறது, முதலாளி திட்டுகிறார். அந்த ரயிலை ஏன் விடவில்லை நான்? மறுநாள் காலையில் பஸ் இருந்தது. ஹாஸ்டல் கட்டிலைத் தவிர இங்கே எனக்காக எது காத்திருந்தது? ஊரைவிட்டுப் போகிறவர்களைப் பற்றித்தானே நாடகம் போட்டோம்? நானும் ஒரு காலை வெளியில் வைத்துக்கொண்டேதான் அங்கே நின்றிருக்கிறேன்.

பழைய வீடியோவை எடுத்துவிட்டு, இரண்டாம் சரணத்தை உன் முகத்தோடும் உன் தெலுங்கோடும் மறுபடி போடப்போகிறேன். "ஸ்பீக்கர் தமிழ்ல பாடுது, அக்கா தெலுங்குல பாடுது, சந்த மாதிரிகீது" என்கிறார் மணி அண்ணன். இருக்கட்டும். ஒரு சத்தத்தையும் குறைக்காமல் போடுவேன், இது உனக்கு நான் தரும் வாக்கு.

காரியம் முடிந்த மறுநாள் ரேவதியும் அவள் கணவனும் உன் வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் பெங்களூர் போனார்கள்.

உன் எதிர்வீட்டுத் தங்கச்சி,
தேவி