தோளுக்கு அளவெடுத்த துவக்கு

நவம்பர் 14, வெள்ளி இரவு

கனடாவிலிருந்து என் வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். மான் வேட்டைக்கு ஒரு துவக்குச் செய்விக்கிறாராம்.

"பழைய ஆமித் துவக்கப்பா. குண்டு ஏத்திற இரும்பு மட்டும் பழசு, குழாய் புதுசு. தோளில வைக்கிற மரத்தை, துவக்குச் செய்யிறவன் என்ர உடம்புக்கு அளவெடுத்துத்தான் செதுக்கிறான். நெஞ்சும் தோளும் தடிச்சிட்டுதாம், அதால மரம் குட்டையா இருக்கோணுமாம்," என்றார். அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து நெடுநாளாயிற்று.

என் தையல் மெசினில், கிறிஸ்து பிறப்புக்கு அவர் போடவென்று தைத்த நத்தார்ச் சேட் கிடந்தது. எங்கள் ஊர் வங்காலையில் பாதிப் பேருக்குத் தைக்கிறேன். எல்லோரையும் நாடா வைத்து அளப்பேன். இவருக்கு மட்டும், கனடா போன அன்றிருந்த அளவிலேயே வருஷா வருஷம் தைத்து அனுப்புகிறேன்.

"அப்ப நான் அனுப்பின சேட்டுகள்?"

"இறுக்கம்தான். நீர் கவலைப்படுவீர் எண்டு சொல்லேல்லை."

சேட்டின் தையலைப் பிரித்துவிட்டேன். புது அளவுக்குத் துணி காணாது. முகம் தெரியாத ஒருவன் அந்தத் தோளில் கை வைத்து அளந்திருக்கிறான் என்பதே மனதில் நிற்கிறது.

ஊர் திரும்பும்போது அந்தத் துவக்கை இங்கே கொண்டுவர விடமாட்டார்கள். அது தெரிந்துதான் செய்விக்கிறார்.