நினைவஞ்சலிப் பக்கத்தில் வராதவர்கள்

புக்கிட் ரோத்தான்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பவனேஷ், அப்பா எழுதுவது. நாங்கள் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறோம். பெர்த் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் இதய வால்வை மாற்ற ஆகஸ்ட் ஐந்தாம் தேதி கிடைத்திருக்கிறது. இன்று காலை பத்து நாற்பதுக்கு மருத்துவமனைத் தாதி உஷாராணி போனில் சொன்னார். தேதியை இன்னொரு முறை சொல்லச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆனால் சம்மதப் பாரத்தில் அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நூறு பேரில் தொண்ணூற்றேழு பேர் நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். காரில் ஏறியதும் அம்மா, "அப்ப மூணு பேரு செத்துடுறாங்க" என்றாள். பத்திரிகை வந்ததும் அவள் முதலில் திறப்பது நினைவஞ்சலிப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். எஸ்டேட்டில் கூட இருந்தவர்கள் படம் வந்தால் வெட்டி பிஸ்கட் டின்னில் வைப்பாள். அன்று அந்த டின்னைத் திறந்து நெஞ்சு நோயில் போனவர்களை மட்டும் எடுத்து மேசையில் அடுக்கினாள். ஏழு பேர். முப்பத்தொரு வருடம் அதே பத்திரிகையில் நிருபராக இருந்தவன் நான். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறேன், பிழைத்து வீட்டுக்கு வந்தவரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

சனிக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு மோட்டார் சைக்கிளில் புக்கிட் பெலிம்பிங் வரை போனேன். நம் பழைய எஸ்டேட் லயத்து வீடுகளில் இருந்த ஆட்களில் இதய அறுவை செய்துகொண்டவர்கள் பதினோரு பேர். பத்துப் பேர் இருக்கிறார்கள், அப்பளசாமி மட்டும் நான்காம் நாள் போய்விட்டார். ரவாங் பக்கம் குடிபோனவர்களை விசாரிக்கவில்லை என்பதையும் அம்மாவிடம் சொன்னேன். "பதினொண்ணுல ஒண்ணா? டாக்டர் சொன்னதவிட மோசம்லா" என்றாள். மறுநாள், அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியான லோகேஸ்வரி முறுக்கோடு வந்தாள். மேசையில் கிடந்த படங்களைப் பார்த்து, "ஏங்க்கா, நானும் நெஞ்சக் கிழிச்சு மூணு வருசமாச்சு. செத்திருந்தா என்னையும் வெட்டி டின்னுல போட்டிருப்பீங்க. முறுக்கு சுட்டுக்கிட்டுத் திரியிறேன், அதான் கணக்குல வரல" என்றாள். அம்மா சிரித்துவிட்டாள். டின்னை மூடி அலமாரியில் வைத்தாள்.

இப்போது மிச்சம் இருப்பது நீ சொன்ன சொல்தான். ஆபரேஷனைத் தீபாவளிக்கு நான் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று போன வாரம் சொன்னாய். ஆபரேஷன் தேதிக்குக் காத்திருந்தபோது மூன்று மாதமா என்று சலித்துக்கொண்டவள், நீ வரும் மூன்று மாதத்தை இதோ வந்துவிடும் என்கிறாள். தள்ளிப்போட்டால் அதுவரை ஒன்றும் ஆகாது என்று நமக்கு ஒரு நினைப்பு. வால்வு மாதத்துக்கு மாதம் சுருங்குகிறது, காத்திருப்பதுதான் அதிக ஆபத்து என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நானும் அதை நம்புகிறேன். உன்மேல் குற்றம் இல்லை தம்பி, பாசத்தில் சொன்னாய். அதே வாயால் மாற்றிச் சொல். தேறிய அம்மாவைப் பார்க்கத் தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்.

நேரத்துக்குத் தூங்கு, மழையில் வண்டியை விரட்டாதே. எங்கள் இருவர் ஆசியும் எந்நாளும் உன்னோடு இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பாரம் போய்ச் சேராவிட்டால் தேதி அடுத்தவருக்குப் போய்விடும். உன்னிடம் பேசிவிட்டுத்தான் முடிவு என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வியாழன் இரவு எட்டு மணிக்கு உன் போனுக்காக உட்கார்ந்திருப்பாள். பேனாவை அவளே பாரத்தின் மேல் எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்பு அப்பா,
காளியண்ணன்